ஸ்டாண்டில் நின்றபோது உரசாத சக்கரம்

ஜூன் 8, ஞாயிறு, காலை 6.40, லேசான தூறல். என் மகன் தன் அட்வெஞ்சர் பைக்கின் 19 அங்குல முன்சக்கரத்தைக் கழற்றி 21 அங்குலம் மாட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூஜையும் போட்டிருந்தான்.

“மட்கார்டில் இடிக்காதா?” என்றேன்.

“ரெண்டு வெரல் சந்து இருக்குதுப்பா. பேசாம ஏறுங்க.”

யாரும் ஏறாமல், ஸ்டாண்டில் வைத்து அளந்த சந்து அது.

ஒகேனக்கல் மலையிறக்கத்து வளைவில் பள்ளத்தைக் கண்டு பிரேக் பிடித்தான். இருவர் பாரத்தில் முன்பக்கம் அமிழ்ந்தது. டயர் மட்கார்டில் சிக்கிச் சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. தடுப்புச்சுவருக்கு ஒரு முழம் முன்னே விழுந்தோம். சுவருக்கு அப்பால் பள்ளத்தாக்கு.

“அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா” என்றான் மகன்.

இப்போது வண்டியில் எதை மாற்றினாலும், இருவரும் ஏறி உட்கார்ந்து, முன்பிரேக்கைப் பிடித்து அழுத்திப் பார்த்த பிறகே கிளம்புகிறோம். பழைய சக்கரத்தைத் திரும்ப மாட்டியது, புது மட்கார்டு, என் முழங்கைக்கு மூன்று தையல், எல்லாம் சேர்த்து ரூ. 9,340.