வெறுத்தே இரு

என் புருஷனை என் நாத்தனார் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுள்ளிக்கல்லுக்கு, தன் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டாள். நெஞ்சுவலி வந்து பிழைத்த மனிதர், வீட்டில் சத்தமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சத்தம் என்றால் நான்தான். அதை அவள் மறைக்கக்கூட இல்லை.

“மதினி, நீங்க மனசு அடங்கிட்டு வாங்க. அதுவரை அண்ணன் எங்கூட நிக்கட்டே,” என்றாள். முப்பது வருஷக் கொச்சி வாசம் அவள் தமிழைப் பாதி தின்றுவிட்டது.

அவள் சொன்னதை விடுங்கள். ஆட்டோவில் ஏறும்போது இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ‘நான் என் வீட்டுக்குப் போறேன்’ என்று சொல்ல வேண்டியதுதானே? டாக்டர் சொன்னாரே என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கல்யாணமான நாளிலிருந்து என் ஏச்சைக் கேட்டவர், இனிமேல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாரா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். கேட்கத்தான் பயம்.

திருநெல்வேலியில் ஜவுளிக்கடை வேலை போய், மட்டாஞ்சேரி மிளகுக் கடையொன்றில் இவருக்கு வேலை கிடைத்து, நாங்கள் வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. இந்த ஊரை எனக்குப் பிடிக்கவே இல்லை. காயாத துணி, எதற்கெடுத்தாலும் தேங்காயெண்ணெய், எதைக் கேட்டாலும் சிரிப்பு. ஏசினால்கூடச் சிரிக்கிறார்கள்; புரியவில்லையாம். தனியாகச் சமைத்து, அடுப்படியில் நின்றபடியே தின்றுவிட்டு, அக்கம்பக்கம் முழுக்கக் கேட்கும்படி பாத்திரங்களைப் போட்டுக் கழுவுவேன்.

ஒருநாள் காலை நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். “ஒரு தியான கிளாஸ் உண்டு மதினி. மனசு அடங்குறதுக்கு. நானும் வரேன்.”

பழைய கிட்டங்கி ஒன்றின் மாடி. கீழே சுக்கு மூட்டைகள், மேலே ஞானம். கசங்கிய பருத்திச் சட்டை போட்ட ஒரு பெண் எங்களைத் தரையில் உட்காரச் சொன்னாள். எனக்கு மகள் இருந்திருந்தால் அவள் வயதுதான் இருக்கும். நேற்றை விடுங்கள், நாளையை விடுங்கள், இந்த நிமிஷத்தில் இருங்கள் என்கிறாளாம். நாத்தனார் என் காதில் தமிழ்ப்படுத்தினாள். பின்னே நான் எந்த நிமிஷத்தில் இருக்கிறேனாம்?

பிறகு எல்லோரையும் கண்ணை மூட வைத்து, அந்தப் பெண் மெல்லிய குரலில், “வெறுதே இரிக்கு... வெறுதே...” என்றாள்.

வெறுத்தே இரு. என் காதில் அப்படித்தான் விழுந்தது. அடி சக்கை! இப்படி ஒரு தியானமா? இது எனக்குக் கைவந்த கலையாயிற்றே, இதற்கு வகுப்பு வேறு எதற்கு என்று நினைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி வெறுக்கத் தொடங்கினேன்.

முதலில் நாத்தனாரை. பக்கத்திலேயே இருந்தாள், வசதியாகப் போயிற்று. மூச்சை இழுக்கும்போது அவள் மூக்கில் சின்னதாக ஒரு விசில் கேட்டது. ஒவ்வொரு தடவையும் காத்திருந்து அதை வெறுத்தேன். அவள் வளையலை, அவள் அப்பியிருந்த பவுடரை. அப்புறம் மின்விசிறி. அது சுற்றுக்கு ஒருதரம் ‘டக்’ என்றது. சுக்கு நெடி நெஞ்சில் ஏறியது, அதையும் விடவில்லை. என் இடது முழங்கால் வலியை நன்றாகவே வெறுத்தேன். ஒன்றை ஒழுங்காக வெறுக்க வேண்டுமானால் அதை உற்றுக் கவனிக்க வேண்டும் அல்லவா? கவனித்துக்கொண்டே போனதில் எங்கேயோ வெறுப்பு நழுவிவிட்டது. விசில் கேட்டது. விசிறி ‘டக்’ என்றது. வலி இருந்தது. அவ்வளவுதான். யாரையும் ஏசத் தோன்றவில்லை. அப்படியொரு சுகம், சொன்னால் நம்ப மாட்டீர்கள். இந்தச் சட்டைக்காரியிடம் போய் அது கிடைத்ததே என்று எரிச்சலும் வந்தது.

“சேச்சிக்கு எங்ஙனெ உண்டாயிருந்நு?” முடிந்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்து கேட்டாள். எப்படி இருந்தது என்கிறாள்.

“நல்லா வெறுத்தேன்,” என்றேன்.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்யோ மதினி! வெறுதேன்னா சும்மான்னு அர்த்தம். சும்மா இருக்கத்தான் சொல்லிச்சு!” அதை எல்லோரிடமும் மலையாளத்தில் வேறு சொல்லிவிட்டாள். மாடியே சிரித்தது. வேறு நாளாக இருந்திருந்தால் அவள் மானத்தைச் சந்திக்கு இழுத்திருப்பேன். “சிரிச்சது போதும், உன் வீட்டுக்கு நட,” என்றேன்.

சுள்ளிக்கல்லில் இவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன். கன்னத்தில் வெள்ளை முடி மண்டிக் கிடந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

இவர் நெளிந்தார். தங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“ஏளா, ஏன் இப்படி இருக்கே? ஒரு வார்த்தை ஏசேன்.”

“எதுக்கு?”

“ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் வாயை மூடிட்டு நின்னே. அலுத்துப்போச்சு, இனி இந்த ஆளே வேண்டாம்னு கைகழுவிட்ட போலன்னு நெனச்சேன். அதான் பேசாம இவகூட வந்துட்டேன்.”

ஏசாததற்கா! அத்தனை ஏச்சையும் நான் விழுங்கிக்கொண்டு நின்றதற்கா! அழுகையும் ஆத்திரமும் எனக்கு ஒன்றாக வந்தன.

“எந்திரிங்க! பொத்தானை நேராப் போடத் துப்பில்ல, நெனப்பைப் பாரு நெனப்பை! நான் கைகழுவிட்டேன்னு உங்ககிட்ட வந்து சொன்னேனா?” தெருமுனை வரை கேட்டிருக்கும்.

“மதினி, சத்தம் வேண்டா, சத்தம் வேண்டா!” என்று நாத்தனார் பதறி ஓடி வந்தாள்.

இவர் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.