மாப்பிள்ளை போட்ட பூனை

என் தங்கையின் வீட்டுக்காரர் வந்தால் அம்மா நண்டு வாங்குவார். நான் போனால் முட்டை பொரிப்பார். கேட்டால், "மாப்பிள்ளைகூட உனக்கு என்னடா போட்டி?" என்பார். போட்டிதான். அதை மறைக்க எனக்குத் தெரியாது.

சரி, நண்டு போகட்டும். கிள்ளானில் அப்பா அம்மா இருக்கும் வீட்டில் எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அப்பாவின் மடிக்கணினிக்கு முன்னால் கிடக்கும் பழைய மர நாற்காலி. அதில் உட்காரும்போது மட்டும் அப்பா என் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார். வேறு எதற்கும் அவர் எனக்குத் தலையாட்டியதில்லை.

அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச் சபையில் கொடுக்கும் ஆராதனைத் தாளைத் தமிழில் தட்டச்சு செய்வது அவர் பொறுப்பு. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். அவருடைய பழைய மடிக்கணினி தவழ ஆரம்பித்ததால், பழைய கணினியிலும் ஓடக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தை அதில் நான் போட்டுக் கொடுத்தேன். லினக்ஸில் எந்த மென்பொருளைப் போட்டாலும் பேக்கேஜ் பேக்கேஜாகத்தான் வரும். தமிழ் எழுத்துரு, தமிழ் விசைப்பலகை, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது, கீர்த்தனை கேட்க ஒரு பிளேயர் என்று அப்பாவுக்கு வேண்டியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்ட நானே ஒரு பேக்கேஜ் செய்து, அதற்கு 'அப்பா' என்று பெயர் வைத்தேன். அதற்குள் ஒன்றுமே இருக்காது. இன்னின்ன வேண்டும் என்று சொல்வதுதான் அதன் வேலை. அதை மட்டும் போட்டால் போதும், மற்றவை தாமாகப் பின்னால் வந்துவிடும்.

பிறகு மாப்பிள்ளை வந்தார். பந்திங்கில் கைப்பேசிக் கடை வைத்திருப்பவர். "குடுங்க மாமா, நான் பாக்குறேன் லா," என்று ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாராம். அதோடு அப்பா என்னை அழைப்பது நின்றுபோனது. அம்மாவிடம் விசாரித்தேன். "அதெல்லாம் மாப்பிள்ளையே பாத்துக்கிறாருப்பா," என்றார். பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் நாள் முழுக்க இருபது முப்பது கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். கைப்பேசிக்குக் கண்ணாடி ஒட்டுகிறவர் என் அப்பாவின் கணினியைப் பார்த்துக்கொள்கிறாராம்!

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பா அழைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டேய், கொஞ்சம் வந்துட்டுப் போ. பூனை தொல்லை தாங்கல," என்றார். அடுத்த ரயிலிலேயே கிளம்பினேன்.

பூனை கணினிக்குள் இருந்தது. திரையில் அம்புக்குறி போகும் இடமெல்லாம் ஒரு குட்டிப் பூனை துரத்திக்கொண்டு ஓடியது. போதாததற்கு மேலேயிருந்து பனி வேறு கொட்டியது. கிள்ளான் வெயிலில் பனி!

"வசனம் டைப் பண்றப்ப அது மேலயே படுத்துத் தூங்குதுடா."

"போட்டவருகிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"மாப்பிள்ளைகிட்ட எப்படிடா சொல்றது? ஆசையா போட்டுக் குடுத்தாரு. வர்றப்பல்லாம் பூனை எப்படி இருக்கு மாமான்னு கேக்குறாரு. நானும் ரொம்ப நல்லாருக்குன்னு சொல்லிட்டேன்."

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். யாராவது கேட்டுப் போட்டவை எவை, துணைக்கு வந்தவை எவை என்று லினக்ஸ் கணக்கு வைத்திருக்கும். கேட்டுப் போட்டவற்றில் மாப்பிள்ளையின் சரக்கைத் தேடிப் பிடித்தேன். பூனை, பனி, கடிகாரம், யாரும் தொடாத வீடியோ எடிட்டர். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இவற்றையும் இனி யாருக்கும் வேண்டாதவற்றையும் சேர்த்து நீக்கு என்று உத்தரவு போட்டேன். நீக்கப்போகும் பெயர்கள் திரை நிறைய ஓடின. ஆமாவா, இல்லையா என்று கேட்டது. அலுவலகத்தில் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். அன்று படிக்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஆமா என்று தட்டினேன்.

பூனை போனது, பனி நின்றது. அப்பா ஆசையோடு ஆராதனைத் தாளைத் திறந்தார். பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. விசையைத் தட்டினால் ஆங்கிலம் மட்டும் வந்தது.

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, "மாப்பிள்ளைய கூப்பிடட்டுமா?" என்றார்.

"வேணாம்பா. நானே பாக்குறேன்," என்றேன். குரல் எனக்கே கெஞ்சுவதுபோல் கேட்டது.

தேடிப் பார்த்தால், 'அப்பா' பேக்கேஜையே காணோம். அது ஏற்கெனவே போயிருந்தது. அப்பாவிடம் கேட்டேன்.

"ஆமாடா, மாப்பிள்ளை அன்னைக்கே சொன்னாரு. அப்பான்னு ஒண்ணு சும்மா கெடக்குது, உள்ள ஒண்ணுமே இல்ல மாமான்னு தூக்கிட்டாரு."

"நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"அவரு செய்யுறத வேணாங்க முடியுமா?"

அது போனதும், அதற்குத் துணையாக வந்த எழுத்துருவும் விசைப்பலகையும் அங்கேயே கிடந்தாலும் கேட்க ஆளில்லாதவையாகிவிட்டன. மாப்பிள்ளையின் சரக்கைக் கூட்டித் தள்ளுகிறேன் என்று என்னுடையதையும் நானே கூட்டித் தள்ளியிருக்கிறேன்.

'அப்பா'வை மறுபடியும் செய்து போட்டேன். எழுத்துருவும் விசைப்பலகையும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இந்த முறை ஒவ்வொன்றையும் கேட்டுப் போட்டதாகவே குறித்து வைத்தேன். கட்டங்கள் மறைந்து வசனம் தெரிந்தது. அப்பா மிச்சத்தைத் தட்டி முடித்து அனுப்பினார். அனுப்பிவிட்டு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

அந்தத் தட்டின் சூடு ஆறுவதற்குள் வாசலில் கார் சத்தம். தங்கையும் மாப்பிள்ளையும். அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க!"

மாப்பிள்ளை நேராகத் திரையைப் பார்த்தார். "பூனை எங்க மாமா?"

அப்பா என்னைப் பார்த்தார். அரை நொடிகூட யோசிக்கவில்லை.

"பையன் தெரியாம அழிச்சிட்டான் மாப்பிள்ளை. டேய், எந்திரி. அவரு உக்காரட்டும்."

எழுந்தேன். "பரவால்ல மச்சான், இதெல்லாம் சகஜம் லா," என்று மாப்பிள்ளை எனக்கு ஆறுதல் சொன்னார். அம்மா பைக்குள் பணத்தை வைத்துக்கொண்டு நண்டு வாங்க ஓடினார். கொஞ்ச நேரத்தில் பூனை மறுபடியும் திரையில் ஓடியது. அப்பா கைதட்டாத குறை.

அன்று எனக்கும் நண்டு கிடைத்தது, மாப்பிள்ளைக்கு எடுத்து வைத்தது போக.

கிளம்பும்போது அப்பா என்னோடு கேட் வரைக்கும் வந்தார். வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "அடுத்த சனிக்கிழமை காலையிலயே வந்துடுடா. அந்தப் பூனை..." என்றார்.

முட்டைதான் கிடைக்கும் என்று தெரியும். "சரிப்பா," என்றேன்.