டெல்ஃபீன் பெயர் வாங்கிய மணல் டாலர்

ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் சிப்பிப் பண்ணை வேலைக்காரர் எல்வுட்டுக்கு மணல் டாலர் என்றால் உயிர். கடலடி மணலில் அப்பளம் மாதிரித் தட்டையாகக் கிடக்கும் அந்த உயிர்களில் எது எந்த இனம் என்று பிரிப்பதிலேயே அவர் பொழுது போகும். இந்தக் கரையில் கிடைப்பதற்கு உடம்பில் துளைகள் உண்டு. ஒருமுறை துளைக்குப் பதிலாக ஓரத்தில் வெட்டு விழுந்த சின்னஞ்சிறிசுகள் அகப்பட்டன. புது இனம் என்று எழுதி, கடலுயிர் ஆர்வலர் சங்கத்து இதழில் அச்சேற்றி, மனைவி டெல்ஃபீன் பெயரையே வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து டெல்ஃபீனுக்குத் தரையில் கால் பாவவில்லை. தேவாலய விருந்துக்கு வருஷந்தோறும் தன் டாலர் மாதிரியே ஓரம் வெட்டிய கேக்கோடுதான் போவாள். எல்வுட்டின் தங்கை அயோனிக்கு அது ஆகாது. அயோனியின் தாய்வழிப் பெண்கள் எல்லாருக்குமே நாக்கு நீளம். பெரியம்மா ஒருத்தி பாதிரியாரையே ஊரைவிட்டு ஓடவைத்தவள்.

ஒரு வருஷம் விருந்து நெருங்கையில் எல்வுட்டுக்குச் சோறு இறங்கவில்லை. பண்ணைத் தொட்டி ஒன்றைச் சாக்குப் போட்டு மூடியே வைத்திருந்தார். டெல்ஃபீன் போய்ச் சாக்கைத் தூக்கினாள்.

"என்னத்த இதுல ஒளிச்சு வெச்சிருக்க?"

"உன் டாலர்தான். வளரவிட்டுப் பார்த்தேன்." எல்வுட் ஒன்றை எடுத்துக் காட்டினார். "ஓரத்து வெட்டெல்லாம் மூடி, துளையாயிடுச்சு."

"அப்படின்னா?"

"இது சாதாரண டாலரோட குஞ்சுதான். அதுக்கு எப்பவோ பேரு வெச்சாச்சு. முந்தி வெச்ச பேருதான் நிக்கும். குழந்தையப் பார்த்து வேற இனம்னு எழுதிட்டேன்டி."

டெல்ஃபீனுக்கு அயோனியின் முகம்தான் கண்முன் வந்தது.

"சொல்லாம விட்டா?"

"இப்போதைக்கு யாருக்கும் தெரியாது."

"நாளைக்கு எவனாவது வளர்த்துப் பார்த்துட்டு, என் புருசனுக்குக் கண்ணு தெரியலன்னு எழுதுவான். நீயே எழுதிடு." சாக்கை உதறி மடித்தாள். "என் பேரை என்ன செய்வாங்க?"

"தள்ளின பேருன்னு பழைய பேருக்கு அடியில எழுதி வைப்பாங்க."

விருந்தில் கேக்கைப் பார்த்ததுமே அயோனி பிடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி, ஓரத்து வெட்டைக் காணோம், துளையா இருக்கு?"

"வளர்ந்தா மூடிக்குமாம்." டெல்ஃபீன் எல்லாருக்கும் கேட்கவே சொன்னாள். "என்னோடது தனி இனமே இல்ல. குஞ்சு."

"அப்ப உன் பேரு போச்சா!" அயோனியின் வாய் நிறையப் பொரித்த மீன்.

"எங்க போகும்? தள்ளின பேரும் கூடவே வருமாம். உன்னைவிட்டுப் போன மூணு புருசன் பேரும் உன் பேருக்குப் பின்னாடியே வருதே, அந்த மாதிரி."

முதலில் சிரித்தவள் அயோனியேதான். புரையேறி, தலையில் தட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்தாள்.

"சரி, சரி, கேக்கை வெட்டு, அண்ணி. எனக்குத் துளை இல்லாத துண்டா!"