மேல்வீட்டுக் கடல்

என் மகள் முதன்முதலில் சொன்ன முழு வாக்கியம் மீனைப் பற்றியது. அதை இந்தியில் சொன்னாள். அதுவும் என் வீட்டில் சொல்லவில்லை.

அப்போது அவளுக்கு இரண்டரை வயது. அம்மா, அப்பா, வேணாம், தா என்பதற்கு மேல் பேச்சு நகரவில்லை. டாக்டர் பொறுத்திருக்கச் சொன்னார். பொறுத்திருப்பது எனக்கு வராத கலை. காலை எழுந்ததிலிருந்து அவளிடம் பேசிக்கொண்டே இருந்தேன். இது தட்டு, இது கரண்டி, காக்கா என்ன சொல்லும் சொல்லு. அவள் என் வாயைப் பார்ப்பாள். பிறகு ஜன்னலைப் பார்ப்பாள், வெளியே பிள்ளைகள் இந்தியில் கத்தி விளையாடுவார்கள்.

போர்ட் பிளேரில், ஜங்லிகாட்டில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு நேர் மேலே ஒரு வங்காளிப் பெண்மணி இருந்தார். கணவர் கப்பலில் வேலை, பிள்ளைகள் மெயின்லேண்டில் படிப்பு. எல்லோருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா. ஹால் சுவர் நீளத்துக்கு ஒரு கடல் மீன் தொட்டி வைத்திருந்தார். ஒருநாள் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனபோது மகள் அவர் வீட்டுத் திறந்த கதவில் நுழைந்துவிட்டாள். அவளைப் பிடிக்க உள்ளே போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். தொட்டிக்குள் ஊதா நிறக் கற்கள், பாறை இடுக்கில் மீசை ஆட்டும் ஒரு இறால், ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள். மகள் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"மச்லி பூக்கா ஹை."

மீனுக்குப் பசிக்கிறதாம். தீதி கைதட்டி, "அரே வா! பூக்கா ஹை? தோ கானா தோ!" என்று உணவு டப்பாவை அவள் கையில் கொடுத்துவிட்டார். நான் சிரித்தேன். படியிறங்கும்போது அழுகை வந்தது. மகள் பேசிவிட்டாள் என்றா, அங்கே பேசினாள் என்றா என்று நான் அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

அதன்பின் தினமும் மாலை அவள் மேலே போனாள். நான் வாங்கிவந்த படப் புத்தகங்கள் தரையில் கிடந்தன. தீதி எதையும் சொல்லித் தரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. அந்த அம்மாள் பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார், இவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பாள். நான் ஜன்னலருகே நின்று, மாடியிலிருந்து வரும் மகளின் குரலைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவுவேன்.

நம் வீட்டிலும் ஒரு தொட்டி வைக்கலாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தமிழில் இந்தி கலந்துதான் வரும்.

"பாகல் ஆயிட்டியா? ஸ்கூட்டர எடுத்தா அஞ்சு நிமிஷத்துல கடல். அத விட்டுட்டு வீட்டுக்குள்ள கடலா?"

"பாப்பாவுக்கு அலையப் பாத்தா பயங்க."

"மத்லப் பாப்பாவுக்கு மீன் வேணுமா, உனக்கு தீதிய ஜெயிக்கணுமா?"

"பாப்பாவுக்குத்தாங்க" என்றேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் சம்மதித்தார்.

நான் வேதியியல் படித்தவள். எதையும் படித்துவிட்டுத்தான் செய்வேன். தொட்டியின் கண்ணாடி எத்தனை கனம் இருக்க வேண்டும், நிறைந்த தொட்டியைத் தாங்க எப்படிப்பட்ட இரும்பு ஸ்டாண்டு வேண்டும், தண்ணீரைச் சுழற்ற எந்த மோட்டார், நுரையாக அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவியை எங்கே மாட்டுவது, கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் எவற்றை இணைப்பது என்று வாரக்கணக்கில் படித்தேன். குளிர் ஊர்களை வைத்து எழுதியவர்கள் ஹீட்டர் வாங்கச் சொன்னார்கள். எனக்கோ தண்ணீர் சூடாகாமலிருக்க மேலே காற்றாடி வேண்டியிருந்தது. கண்ணாடியை மட்டும் பஜாரில் வெட்டி ஒட்டித் தந்தார்கள். மற்றதெல்லாம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தது, கல்லும் தொட்டிக்கான கடல் உப்பும் உட்பட. இங்கே கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டைக்கூட எடுக்கக் கூடாது. ஏர்போர்ட்டில் பையைக் கிளறி எடுத்துவிடுவார்கள். தீதியின் ஊதாக் கற்களும் செராமிக்தான், வருடக்கணக்கில் பாசி படிந்து பவளப்பாறை போல ஆனவை. என்னுடையவை பளீரென்று வெள்ளையாக வந்து இறங்கின.

"டாய்லெட் டைல்ஸ் மாதிரியே இருக்கு" என்றார் கணவர். உப்பு மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு, "அந்தமான்ல கடல் உப்ப பார்சல்ல வரவழைச்ச மொத ஆளு நீதான்" என்றும் சொன்னார்.

படகுகள் நிற்கும் ஜெட்டித் தண்ணீரில் டீசல் இருக்கும் என்று படித்திருந்தேன். அதனால் மழை ஓய்வதற்குள் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் அந்த உப்பைக் கரைத்துத் தொட்டியை நிரப்பினேன். உடனே மீன் விடக் கூடாது, கற்களில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வளரும்வரை வெறும் தண்ணீர் ஓட வேண்டும். மகளை நாற்காலியில் ஏற்றிக் காட்டினேன். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை தேடினாள்.

"மச்லி நஹி" என்று இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். என் கற்களில் ஊதாவுக்குப் பதில் பழுப்பு அழுக்குதான் படிந்தது. மேலே போய்த் தீதியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கோடை வந்ததும் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். காற்றாடி ஓட ஓட, தொட்டியில் தண்ணீர் தினமும் கொஞ்சம் இறங்கியது. அதை நிரப்ப, சமைக்க வைத்திருந்த நல்ல தண்ணீரை ஊற்ற மனம் வரவில்லை. போர்ட் பிளேரில் குடும்பம் நடத்தும் யாருக்கும் வராது. ஊரைச் சுற்றிக் கடல், குறைவது கடல் தண்ணீர், ஊற்றுவதும் கடல் தண்ணீராக இருந்தால் போதாதா? கணவர் ஜெட்டிக்கு எட்டத்தில், சுத்தமான கரையிலிருந்து கேனில் கொண்டுவந்தார். நான் துணியில் வடிகட்டி ஊற்றினேன். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் டப்பாவின் முள் எப்போதும் ஒரே இடத்தில் நின்றது. என் கவனத்துக்குக் கிடைத்த பலன் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் மீன்கள் வந்தன. பண்ணையில் பொரித்து வளர்த்த ஒரு ஜோடி, தீதியிடம் இருந்த அதே ஆரஞ்சு. வேறு நிறம் வாங்கியிருக்கலாம்தான். அன்று மகள் மாலையில் மேலே போகவில்லை. என் மடியில் உட்கார்ந்து அவற்றையே பார்த்தாள். அவள் தலையில் தேங்காய் எண்ணெய் வாசனை. மாடியில் கதவு திறந்து, கொஞ்சம் பொறுத்து, மூடும் சத்தம் கேட்டது. எனக்கு இனித்தது.

மறுநாள் மீன்கள் தரையோடு தரையாகக் கிடந்து வேகவேகமாக மூச்சு வாங்கின. போட்ட உணவு மிதந்தது. நான் கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு நோயைச் சொன்னது. இவை செத்தால் இந்த ஹாலில் அவள் இனி உட்கார மாட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. தலை நிமிர்ந்தபோது மகளைக் காணவில்லை. படியில் சத்தம் கேட்டது. தீதியின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

தீதி கையோடு கொண்டுவந்த உப்பளக்கும் குழல் போன்ற கருவியில் தொட்டித் தண்ணீர் ஒரு துளி விட்டு, வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார்.

"ஹாய் ராம்! ஊறுகாய் போடப் போறியா? ரோஜ் என்ன பானி ஊத்துற?" என்றார் தன் அரைத் தமிழில்.

"கடல் தண்ணி, தீதி."

"அரே பாபா, தண்ணி உட் ஜாதா. நமக் கஹான் ஜாயேகா? உப்பு போகாது, இங்கேயே இருக்கும். மேலே மேலே நீ இன்னும் உப்பு போட்டுட்டே இருக்கே."

ஆவியாவது நீர் மட்டும்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் டியூஷனில் சொல்லித் தந்ததுதான் அது. டப்பாவின் முள்ளை விரலால் சுண்டினேன். உப்புப் பூத்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று குழாயில் தண்ணீர் வராத நாள். தீதி தன் வீட்டுக் குடத்தைத் தூக்கி வந்தார். தொட்டியிலிருந்து ஒரு சொம்பு எடுத்து, நல்ல தண்ணீர் ஒரு சொம்பு ஊற்றி, நிறுத்தி, மறுபடி. "தீரே தீரே", மெல்ல மெல்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொம்பை மகள்தான் எங்கள் இருவருக்கும் நடுவில் தூக்கிக்கொண்டு நடந்தாள், பாதியைத் தரையில் சிந்தியபடி. சாயங்காலத்துக்குள் ஒரு மீன் கல்லின் பின்னாலிருந்து எழும்பியது. பிறகு மற்றது.

மகள் தீதியின் முழங்காலைத் தட்டி, என்னைக் கைகாட்டிச் சொன்னாள்: "மம்மி ஜ்யாதா நமக் டாலா!"

மம்மி நிறைய உப்புப் போட்டுவிட்டாளாம். என்னைப் பற்றி அவள் சொன்ன முதல் வாக்கியம் ஒரு புகார். அதையும் இன்னொருத்தியிடம்தான் சொன்னாள். தீதி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் குனிந்து தரையைத் துடைத்தேன். துடைத்தபடியே, "ஆமாடி, அம்மாதான் போட்டேன். உப்பு நெறையப் போட்டுட்டேன்" என்றேன்.

அவள் திரும்பினாள். என் வாயைப் பார்த்தாள். வழக்கம் போல ஜன்னலுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். தீதியை விட்டு நகர்ந்து என் முன்னால் வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அம்மா உப்பு நெறைய போத்துத்தா! மீனு அழுதுச்சு!" என்று என்னையே அதட்டினாள்.

"அழுதுச்சா?"

"அழுதுச்சு. இனிமே போதாத."

"போட மாட்டேன்."

"போதாத!"

நிமிர்ந்து பார்த்தபோது தீதி சிரிப்பதை நிறுத்தியிருந்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைக் கழற்றி, அதன் வாயை விரலால் துடைத்து, மறுபடி அதே இடத்தில் பொருத்தினார். பிறகு காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு, "சல், மை ஜாத்தி ஹூன்", கிளம்புகிறேன் என்று கதவைப் பார்த்துச் சொன்னார். மகள் திரும்பவில்லை, என்னை அதட்டி முடிக்கவில்லை அவள்.

"டீ குடிச்சிட்டுப் போங்க தீதி" என்றேன். உண்மையாகவே அவர் இருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். கொஞ்சம், இன்னும் கொஞ்ச நேரம் மகள் என்னிடம் பேசுவதை அவர் பார்க்க வேண்டும் என்றும்.