பல்செட்காரரின் ஹேண்டில்பார்

ஊரில் பாதிப் பேர் அவர் செய்து கொடுத்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். ஆனால் அவர் பேர் யாருக்கும் தெரியாது. பல்லைப் பிடுங்குவதும், பிடுங்கின இடத்தில் புதுப் பல்லை மாட்டிவிடுவதும் டாக்டரம்மா. பேரும் புகழும் அந்தம்மாவுக்கு. உள்ளறையில் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, மெழுகை உருக்கி அந்தப் பல்லையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்தி வைக்கிறவர் நம்ம ஆள். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. அங்கே அவருக்குப் பேரே பல்செட்காரர்தான்.

பின்வரிசையில் ஒரு பல் தலைமுடி அளவு தூக்கலாக இருந்தாலும் மனுஷனுக்குத் தூக்கம் வராது. வாசல்வரை போய்விட்ட ஆளைக்கூடக் கூப்பிட்டு உட்கார வைப்பார். "மாட்டியாச்சுன்னா முடிஞ்சுதா? வாயை மூடிக்கிட்டு இருந்தா எல்லாப் பல்லும்தான் சரியா இருக்கும். தாடையை இடது பக்கம் கொண்டு போங்க. இப்ப வலது பக்கம். மென்னு காட்டுங்க பாப்போம்" என்பார். எப்பேர்ப்பட்ட பெரிய மனுஷனும் அவர் முன்னால் மாடு மாதிரி அசைபோட்டுக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும்.

அடுத்தவன் வாய்க்கு இவ்வளவு அளவு பார்க்கிறவர், நாற்பத்தெட்டாவது வயசில் தனக்கென்று ஒரு பைக் வாங்கினார். வாங்கப் போனது என்னவோ நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற சாதுவான வண்டி. வீட்டுக்கு வந்தது பந்தயத்துக்குப் புறப்பட்ட மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டிருந்த ஒரு சிவப்பு வண்டி. அதன் ஹேண்டில்பார் எங்கேயோ கீழே, எட்டாத தூரத்தில் இருந்தது. அதைப் பிடிக்க வேண்டுமானால் பெட்ரோல் டேங்க் மேல் கவிழ்ந்து படுக்க வேண்டும். "உங்களுக்கு எடுப்பா இருக்கு சார்" என்று கடைக்காரன் ஒரு வார்த்தை சொன்னான். அதற்குமேல் அவன் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. நாள் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் இனிமையாகப் பேசிப் பேசி, வீட்டுக்குக் கொண்டுவர அந்த இனிமையில் மிச்சம் எதுவும் இருக்காது. தினமும் அவளை இறக்கிவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அவள் வழுக்கி அவர் முதுகில் வந்து முட்டுவாள். "ரோட்டுல எதைத் தொலைச்சீங்க, இப்படிக் குனிஞ்சு தேடிக்கிட்டே போறீங்க?" என்று கேட்பாள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். வழியில் ஒரு பர்னிச்சர் கடையின் பெரிய கண்ணாடியில் தன் நிழல் சிவப்பாகப் பாய்ந்து போவதை ஓரக்கண்ணால் பார்ப்பதற்கே அவருக்கு நேரம் சரியாக இருக்கும்.

ஒரு வருஷம் கழித்து வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போக ஆரம்பித்தன. வண்டியைத் தவிர உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். தலையணையை மாற்றினார். தைலம் தேய்த்தார். கையுறை போட்டார். டிவி பார்க்கும்போது ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பந்துதான் இளைத்தது. கடைசியில் மனைவி தன் ஆஸ்பத்திரியிலேயே எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"பைக் ஓட்டுவீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"எப்பவாவது."

"எப்பவாவதுதான் இறங்குவார்" என்றாள் மனைவி.

உடம்புப் பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கி நரம்பு நசுங்குகிறது, ஹேண்டில்பாரை உயர்த்துங்கள், இப்படியே விட்டால் விரலில் உணர்ச்சி திரும்பாமலே போனாலும் போகும் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நம்ம ஆள், "அந்த டாக்டருக்கு மீசையே சரியா முளைக்கல, அவருக்கு என்ன தெரியும்?" என்றார். ஹேண்டில்பாரை உயர்த்தினால் வண்டி பெரிசுங்க ஓட்டுகிற வண்டி மாதிரி ஆகிவிடும் என்பதுதான் அவர் பிரச்சினை. ஐம்பது நெருங்குகிறது என்று உள்ளுக்குள் பயம். அதை வெளியே சொல்ல வெட்கம்.

அடுத்த வாரம் வேலை நேரத்தில் ஏதோ கருகுகிற மாதிரி வாடை வந்தது. ஸ்பிரிட் விளக்கைப் பார்த்தார், சரியாகத்தான் எரிந்தது. பக்கத்து மேஜையில் வேலை செய்கிற அம்மா, "அண்ணே, உங்க விரலு" என்றாள். கொதிக்கிற மெழுகு அவர் சுண்டு விரல் மேல் சொட்டி உறைந்து கிடந்தது. உரித்துப் பார்த்தால் தோல் செக்கச்செவேலென்று வெந்திருந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. யாருடைய விரலையோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

போதாக்குறைக்கு அதே வாரம் ஒரு செட் திரும்பி வந்தது. முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லோடு சண்டை போட்டுக்கொண்ட மாதிரி திரும்பி நின்றது. டாக்டரம்மா அதைக் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தார். பிறகு, "இன்னொரு செட் இப்படி வந்துச்சுன்னா மெழுகு வேலையைப் பக்கத்து மேஜை அம்மா பாத்துக்கட்டும். நீங்க பிளாஸ்டர் கலக்குங்க" என்றார். பல் அச்சு வார்க்கப் பிளாஸ்டர் கலக்குவது அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் செய்த வேலை. இருபத்தாறு வருஷத்தை ஒரு கிண்ணத்தில் போட்டுக் கலக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் நேராக மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உயரமான ஹேண்டில்பார் இருக்கு சார், இப்பவே எடுத்துக்கலாம். ஆனா பழைய பிரேக், ஆக்சிலேட்டர் கேபிள் எதுவும் எட்டாது. நீளமான கேபிள் வரணும், நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் பஸ்ல போங்க" என்றான்.

எட்டு மாசமாகத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு நாலு நாள் பொறுக்க முடியவில்லை. "அரை மில்லிமீட்டர்ல வேலை செய்யறவன் நான். ஒரு கம்பியைக் கழட்டி இன்னொரு கம்பியை மாட்டத் தெரியாதா?" என்று ஹேண்டில்பாரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு முன்னால் ஆபரேஷன் தொடங்கியது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, அதன் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, காற்றில் கையை நீட்டினார். மனைவி டேப் பிடித்துத் தோளுக்கும் கைக்கும் அளவெடுத்தாள். பிடியில் மெழுகை அப்பி, தன் உள்ளங்கை எங்கே அமுங்குகிறது என்று அச்சுகூட எடுத்துப் பார்த்தார். பல்லுக்கு எடுக்கிற அத்தனை மரியாதையும் அந்தக் கம்பிக்குக் கிடைத்தது. பழைய கேபிள்களைக் கிளிப்பிலிருந்து கழற்றி, குறுக்கு வழியில் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததில் எப்படியோ எட்டிவிட்டன. வண்டியை ஸ்டார்ட் செய்தார். பூனைக்குட்டி மாதிரி உறுமியது. ஏறி உட்கார்ந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது, கை லேசாக இருந்தது.

"நாலு நாளாம் நாலு நாள்" என்றார் மெக்கானிக்கை நினைத்து. "ஏறு, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்."

அவள் ஏறினாள். கேட்டைத் தாண்டி வலது பக்கம் திரும்ப வேண்டும். தெரு குறுகல் என்பதால் ஹேண்டிலை முழுசாக ஒடித்தார். ஏற்கெனவே விறைத்து நின்ற ஆக்சிலேட்டர் கேபிளை அந்தத் திருப்பம் இன்னும் இழுத்தது. அவர் கையே படாமல் வண்டி தானாக முறுக்கிக்கொண்டு கத்தியது. கத்தினதோடு நிற்கவில்லை, எதிர் வீட்டுக்காரர் மாடி கட்டக் குவித்திருந்த மணலில் போய் ஏறியது. மண்ணைக் கவ்வினான் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். இவர் நிஜமாகவே கவ்வினார், முன்பல்லால்.

நல்லவேளை, மணல். ரெண்டு பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று. மனைவி எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். எதிர் வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏங்க, புதுப் பல்லு மாட்டினதும் வந்தவங்களை என்ன செய்யச் சொல்வீங்க?"

அவர் வாயிலிருந்த மணலைத் துப்பினார். "தாடையை இடது பக்கம் வலது பக்கம் கொண்டு போகச் சொல்லுவேன்."

"இந்த ஹேண்டிலை அப்படிக் கொண்டு போய்ப் பாத்தீங்களா?"

அவர் தலையைத் திருப்பி மணலில் புதைந்து கிடந்த ஹேண்டிலைப் பார்த்தார். நேராக நிற்கிற வண்டியில் நேராக உட்கார்ந்து, எல்லாம் சரி என்று தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டவர். வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாப் பல்லும் சரியாகத்தான் இருக்கும் என்று இருபத்தாறு வருஷமாக ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த வாய் அது. அதில் இப்போது மணல்தான் இருந்தது.

திங்கட்கிழமை வண்டியைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போனார். அவன் கேபிளைப் பார்த்தான், அவர் மூக்கிலிருந்த சிராய்ப்பைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது இவருக்கு. நாலு நாள் பஸ்ஸில் போனார். போகிற வழியில் டாக்டரம்மாவிடம் சொல்லவும் வார்த்தைகளைத் தேடி வைத்துக்கொண்டார். "கை மரத்ததுக்கு வண்டிதான் காரணம். எலும்பு டாக்டரே சொன்னாரு. வீம்புக்கு மாத்தாம இருந்தேன். ரெண்டு மாசம் டைம் குடுங்க, அதுவரைக்கும் பிளாஸ்டர் கலக்கறேன்" என்றார். டாக்டரம்மா மூக்கைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அந்த ரெண்டு மாசமும் அவர் பிளாஸ்டர்தான் கலக்கினார். பக்கத்து மேஜை அம்மா மெழுகு வேலை செய்தாள், நன்றாகவே செய்தாள். அதைப் பார்க்கத்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

தினமும் மத்தியானம் யாரும் பார்க்காதபோது சுண்டு விரலை விளக்குப் பக்கத்தில் கொண்டு போய்ப் பார்ப்பார். ஒன்றும் தெரியாது. ஏழாவது வாரம் ஒருநாள் அந்த அம்மா மெழுகுக் கிண்ணத்தை நகர்த்தும்போது ஒரு சொட்டு தெறித்து அவர் விரலில் விழுந்தது. அவர் "ஸ்ஸ்" என்று கையை உதறினார்.

"ஐயோ, மன்னிச்சுக்குங்கண்ணே, சுட்டுடுச்சா?"

"சுட்டுச்சு" என்றார் அவர். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் எடுக்க ஓடினாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் மனைவியிடம் விரலைக் காட்டினார். கடுகளவு கொப்புளம். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு வருஷமாக வாய் ஓயாமல் கேலி செய்தவள், அன்றைக்கு அந்த விரலை உதட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஊதினாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். அவர் வண்டியைக் கிளப்புமுன் ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பார்த்தார், இப்போதெல்லாம் தினமும் பார்க்கிற மாதிரி.

"மென்னு முடிச்சாச்சா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "கிளம்புங்க."