பெட்ரோல் இல்லாமல் சுழன்ற டர்போ

நம்பச் சொல்லி யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. அந்த அறையில் நான் இருந்தேன், நீங்கள் இல்லை. பிரமை என்று சொல்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. பதினாறு வருடமாக இஞ்சின் பிரிப்பவள் நான். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

கெட்டுப்போன, எரிந்துபோன இஞ்சின்களைப் பிரித்துப் பார்த்து, தவறு யாருடையது என்று அறிக்கை எழுதுவது என் வேலை. போலீஸ் அதை வைத்துத்தான் வழக்குப் போடும்.

அன்று செவ்வாய்க்கிழமை. பிரிக்கும் கூடத்தில், இரும்பு ஸ்டாண்டில் ஒரு வாடகைக் காரின் இஞ்சின் நின்றது. டர்போ வைத்த பெட்ரோல் இஞ்சின். பன்னிரண்டு நாளுக்கு முன் ஓடிக்கொண்டிருந்தபோதே தீப்பிடித்தது. ஓட்டி வந்த பெண் கதவைத் திறந்து குதித்துவிட்டாள். தலையில் பலமான அடி. மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தாள். ஆள் இல்லாத கார் உருண்டு போய் ஒரு கடைக்குள் புகுந்தது. கடைக்காரருக்கு ஒரு கால் போய்விட்டது.

யாராவது பதில் சொல்லியாக வேண்டும். பேச முடியாதவள் மேல் பழியைப் போடுவது சுலபம்.

டர்போ என்றால் என்ன என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்தக் கதை புரியாது. இஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் திணிக்கும். அதனால் சின்ன இஞ்சின் பெரிய இஞ்சின் மாதிரி இழுக்கும். தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். புகை போகும் பக்கம் இரும்பு செக்கச்செவேல் என்று பழுக்கும். அதைக் காப்பாற்றுவது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான். ஆயில் நின்றால் எல்லாம் முடிந்தது.

அதனால்தான், வேகமாக ஓட்டிவிட்டு வந்து உடனே சாவியைத் திருப்பி அணைக்கக்கூடாது என்பார்கள். ஒரு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். இல்லையென்றால் நின்றுபோன ஆயில் அந்தச் சூட்டில் கருகிக் குழாயை அடைக்கும். ஆயில் வராத டர்போ உடைந்து தீப்பிடிக்கலாம்.

வண்டியை சர்வீஸ் செய்த ஒர்க்‌ஷாப் அதைத்தான் சொன்னது. "அந்தம்மாவுக்குப் பொறுமையே கிடையாது. வந்து நின்னதும் ஆஃப் பண்ணிடுவாங்க. ஆயில் கருகிடுச்சு."

எங்கள் மேலாளர் அதை அப்படியே டைப் செய்து என் மேசையில் வைத்துவிட்டார். 'ஓட்டுநரின் கவனக்குறைவு.' கீழே என் கையெழுத்துக்கு இடம்.

"திறந்து பாக்காம போடமாட்டேன் சார்," என்றேன்.

"பாரு. ஆனா காலையில ஒம்பது மணிக்கு எனக்குக் கையெழுத்து வேணும்," என்றார். கிளம்பிவிட்டார்.

கூடத்தில் நானும் பூட்டும் மட்டும். பூட்டு என்பது எங்கள் எலக்ட்ரீஷியனுக்கு நாங்கள் வைத்த பெயர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படும் மனிதர்.

மாலை 6.04. பூட்டு கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகிற போக்கில் இஞ்சின் மேல் கையை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"என்னண்ணே?"

"சுடுது."

"வெயில் பட்டிருக்கும்."

ஜன்னலைப் பார்த்தார். அது எதிர்ப்பக்கம் இருந்தது. என்னைப் பார்த்தார்.

"நாளைக்குப் பாத்துக்கலாம். வாங்க, போலாம்."

ஒரு வாரத்தில் அவர் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு. நான் வரவில்லை என்றேன். அவர் நிற்கவில்லை.

6.12. வெப்பமானியை எடுத்தேன். துப்பாக்கி மாதிரி நீட்டி அழுத்தினால் சூட்டைக் காட்டும் கருவி. சுவர், முப்பத்தொன்று. இஞ்சின், முப்பத்திரண்டு. டர்போ...

அறுபத்து நான்கு.

கருவியில் கோளாறு என்று பேட்டரியை மாற்றினேன். மறுபடி அழுத்தினேன்.

எண்பத்தெட்டு.

பன்னிரண்டு நாளாக அணைந்து கிடக்கும் இஞ்சின். பெட்ரோல் இல்லை. பேட்டரி இல்லை. ஆயிலை நானே மதியம் வடித்திருந்தேன். டர்போவின் சக்கரத்தையும் மதியமே விரலால் தள்ளிப் பார்த்திருந்தேன். இறுகிப் போயிருந்தது. இம்மியும் அசையவில்லை. அதைத் தாளில் குறித்தும் வைத்திருந்தேன்.

6.20. மேலாளர் போன் செய்தார்.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"இன்னும் குழாயே கழட்டலை சார்."

"அந்தம்மா பொழைக்கிறதே கஷ்டம்மா. யாருக்காக இவ்வளவு... இரு, அங்க என்ன இஞ்சின் ஓடுது?"

"எதுவும் ஓடலையே."

"காதுல நல்லா விழுதும்மா. நிக்கிற வண்டியில இஞ்சின் சும்மா ஓடுற சத்தம்."

நான் போனைக் காதிலிருந்து எடுத்தேன். கூடம் அமைதியாக இருந்தது. ஈ பறந்தால் கேட்கும். போனை மறுபடி காதில் வைத்தேன். அவர் வைத்துவிட்டிருந்தார்.

இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்தில் விளக்கு அணையும். இங்கே அணையவில்லை. ஆறு குழல் விளக்குகளும் பளீரென்று எரிந்தன. ஒளிந்துகொள்ள எதற்கும் இடமில்லாத வெளிச்சம். அதுதான் இன்னும் மோசம்.

6.31.

ஸ்ஸ்ஸ்...

மெல்லிய விசில். டர்போ சுழலும்போது வரும் விசில். அதை ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். குனிந்து பார்த்தேன்.

சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது.

பயந்தேன். இதை மறைக்க மாட்டேன். கால் வாசலைப் பார்த்துத் திரும்பியும் விட்டது. ஆனால் அந்த நேரத்தில் மேசை மேல் இருந்த தாள் கண்ணில் பட்டது. 'ஓட்டுநரின் கவனக்குறைவு.' நான் ஓடினால் காலையில் அந்தத் தாள்தான் ஜெயிக்கும்.

கால் நின்றது. கோபம் வந்தது. பயத்தை விடக் கோபம் எனக்கு நன்றாகப் பழக்கம்.

"யாரா இருந்தாலும் சரி," என்று சத்தமாகச் சொன்னேன். "என்னைப் பயமுறுத்தி வெரட்ட முடியாது. சொல்ல வேண்டியது இருந்தா சொல்லு."

விசில் ஏறியது.

கூடவே வாசனை. சூடான ஆயில்.

டொக்.

கீழே வைத்திருந்த தட்டில் ஒரு சொட்டு.

டொக்... டொக்...

ஆயிலே இல்லாத இஞ்சினிலிருந்து.

6.36. குரல் கேட்டது.

பெண் குரல். அவசரமில்லாத குரல். இஞ்சினுக்கு அந்தப் பக்கம், என்னிடமிருந்து மூன்றடி தூரத்தில்...

"நாப்பத்தொண்ணு."

ஒரு மூச்சு.

"நாப்பத்திரெண்டு."

அந்தப் பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தேன். வெறும் சுவர்.

"நாப்பத்திமூணு."

இப்போது குரல் நான் முன்பு நின்ற பக்கத்தில்.

"எண்ணு," என்றேன். "நல்லா எண்ணு. நான் போறதா இல்ல."

டார்ச்சை எடுத்தேன். சொட்டு எங்கிருந்து வருகிறது? அதுதானே என் தொழில்.

கீழே இருந்து மேலே தேடினேன்.

"நாப்பத்தேழு."

ஆயில் குழாயை டர்போவோடு சேர்க்கும் போல்ட். அங்கிருந்துதான்.

சொட்டு நேராக டர்போவின் இரும்புக் கூட்டின் மேல் விழுந்தது. வண்டி ஓடும்போது செக்கச்செவேல் என்று பழுக்கும் அதே கூடு. அந்த இடத்தில்தான் கருகல் தடம் ஆரம்பித்தது.

"அம்பது."

ஸ்பானரை மாட்டினேன். கை சுட்டது. விடவில்லை.

"அம்பத்தி மூணு."

குரல் இப்போது என் தோளுக்குப் பின்னால்.

திரும்பவில்லை.

"அம்பத்தி ஆறு."

பிடரியில் மூச்சு.

திருகினேன்.

"அம்பத்தி ஏழு..."

திருகினேன்.

"அம்பத்தி எட்டு..."

போல்ட் கையோடு வந்தது.

நிசப்தம்.

சக்கரம் நின்றிருந்தது. விரலால் தள்ளினேன். இறுகிப் போயிருந்தது. தட்டில் ஒரு சொட்டு ஆயில் கூட இல்லை. வெப்பமானி முப்பத்திரண்டு என்றது. மணி 6.38.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு எழுந்து வேலையைப் பார்த்தேன்.

அந்த போல்ட்டுக்கு இரண்டு பக்கமும், ஆயில் கசியாமல் அடைக்க, இரண்டு செம்பு வாஷர்கள். ஒரு முறை இறுக்கினால் நசுங்கிவிடும். கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். ஒன்றில் ஒரே ஒரு நசுங்கல் வட்டம். மற்றதில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வட்டம். பழையதையே திரும்பப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். அது விரிசல் விட்டு, ஆயில் கசிந்து, பழுத்த இரும்பில் பட்டுப் பற்றியிருக்கிறது. குழாய்க்குள் கம்பியை விட்டுப் பார்த்தேன். பொட்டுக் கரி இல்லை. அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் காத்திருந்துதான் வண்டியை அணைத்திருக்கிறாள்.

தீப்பிடிப்பதற்கு இரண்டு நாள் முன்புதான் வண்டி சர்வீஸிலிருந்து வந்தது.

காலை ஒன்பது மணிக்கு மேலாளர் முன்னால் நான் எழுதிய அறிக்கையை வைத்தேன். படித்தார்.

"அவங்க நமக்கு வழக்கமா வேலை குடுக்கிற ஒர்க்‌ஷாப்மா. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"பழைய தாளே இருக்கு. அதுல போட்டுடு."

"நீங்க போடுங்க. என் பேருக்கு மேல இந்தத் தாள்தான் இருக்கும்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நேத்து சாயங்காலம் அந்தச் சத்தம் என்ன?" என்று கேட்டார்.

நான் என் அறிக்கையை அவர் பக்கம் தள்ளினேன். அவர் என் அறிக்கையை அனுப்பிவிட்டார்.

அந்தப் பெண் செத்துவிட்டாள், அவள்தான் வந்து போனாள் என்று நினைத்துக்கொண்டேன். மருத்துவமனைக்கு போன் செய்து கேட்டேன். உயிரோடுதான் இருந்தாள். அதிலிருந்து ஐந்தாம் நாள் கண் விழித்தாள். வழக்கு ஒர்க்‌ஷாப் மேல் திரும்பியது.

வீட்டில் சொன்னேன். "பேயையே வேலை வாங்கிட்டு வந்திருக்க," என்று என் கணவர் சிரித்தார். அன்று இரவு விளக்கை அணைக்க மட்டும் அவர் விடவில்லை.

வேறு யாராவது அந்தக் காரில் இறந்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. விசாரித்தேன். புது வண்டியாக வாங்கி அந்தப் பெண்ணே வாடகைக்கு ஓட்டியது. அதில் யாரும் சாகவில்லை.

ஏழு மாதம் கழித்து அவள் என்னைப் பார்க்க வந்தாள். ஊன்றுகோல் பிடித்திருந்தாள். நன்றி சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"அக்கா, பைத்தியம்னு நினைக்காதீங்க. அன்னைக்கு ஏன் குதிச்சேன்னு யார்கிட்டயும் சொல்லலை. நெருப்பு அப்போ இன்னும் வரவே இல்ல. பின்சீட்டுல ஒரு குரல். நம்பர் சொல்லிட்டே இருந்துச்சு. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. தாங்க முடியாம குதிச்சேன். அடுத்த நொடி குப்புன்னு பத்திக்கிச்சு."

"எதுலேர்ந்து எதுவரைக்கும் எண்ணிச்சு?"

"ஒண்ணுலேர்ந்து. நாப்பது சொன்னதும் குதிச்சேன்."

கூடத்தில் எனக்குக் கேட்ட முதல் எண் நாற்பத்தொன்று, எண்ணிக்கை நின்றது ஐம்பத்தெட்டில். அவள் போனதும் முதல் வேலையாக எங்கள் கிடங்குக்கு ஓடினேன். இஞ்சின் இல்லை. வழக்கு முடிந்ததும் பழைய இரும்பு வியாபாரிக்கு ஏலத்தில் கொடுத்துவிட்டார்களாம். வியாபாரியைத் தேடிப் பிடித்தேன்.

"இஞ்சின் எரிஞ்சதும்மா, உருக்கப் போயிடுச்சு," என்றார். "டர்போவை மட்டும் பிரிச்சு, சுத்தம் பண்ணி, புது பேரிங் போட்டு வித்துட்டேன். நல்லா ஓடுது போல, யாரும் திருப்பிக் கொண்டு வரலை."

எந்த வண்டியில் மாட்டினார்கள் என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை.