உப்புக்கல்லைக் கழுவப் போனேன்

பொங்கல் கழிந்த சனிக்கிழமை, கருங்கலில் என் தையல் கடையைப் பூட்டிவிட்டுப் பேச்சிப்பாறைக்கு மேலே போனேன். ஒரு நாள் பூட்டினால் போதும், "எனக்க பிளவுஸ் எங்கே?" என்று போனிலேயே பிடித்துவிடுவார்கள். ஆனாலும் கூப்பிட்டது ராஜம். பள்ளியில் ஒரே பெஞ்சுக்காரி, இப்போது எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறாள். மூன்று வருடமாக "காட்டுப்போத்து காட்டித் தாரேன்" என்று காட்டெருமையைச் சொல்லி ஆசை காட்டியவள், இந்த முறை, "ஏட்டி, ஒத்தைக்குப் பேடியா இருக்கு, வா" என்று பயந்து கூப்பிட்டாள்.

காலை 11.10க்குக் கருங்கலில் பஸ் ஏறினேன். மார்த்தாண்டம் பத்து கிலோமீட்டர்தான், ஆனால் சந்திப்பில் மட்டும் இருபத்தைந்து நிமிடம் நின்றோம். அங்கிருந்து குலசேகரம், பிறகு பேச்சிப்பாறை. சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதனால் அதுவரை செலவு ஒரு சாயாவுக்குப் பன்னிரண்டு ரூபாய். கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு ஆட்டோ 150 வாங்கியது. ராஜத்தின் வீட்டைச் சேரும்போது மணி மூன்று.

என் பையில் இரண்டு சீப்பு மட்டிப்பழம் இருந்தது. பழத்தைப் போட்டால் காட்டுப்போத்து பக்கத்தில் வரும், நல்ல போட்டோ எடுக்கலாம் என்று கொண்டுபோயிருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ராஜம் அதை வாங்கி அடுக்களையில் வைத்துவிட்டு, தான் செய்ததே போதும் என்றாள்.

அவள் செய்தது இதுதான். பால் வெட்டி முடித்ததும் தன் பசுவைத் தோட்டத்து ஓரத்தில் மேய்ப்பாள். அங்கே ஒரு பரந்த பாறையில் பசு நக்குவதற்குக் கல்லுப்பு வைப்பது இங்கே பலரும் செய்வது. போன மழைக்காலத்தில் ஒரு காட்டுப்போத்துத் தாய், கன்றோடு வந்து அந்த உப்பை நக்கியது. (பெண்ணானாலும் எங்கள் பக்கத்தில் பெயர் போத்துதான்!) ராஜத்துக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அதற்கென்று கூடுதலாக ஒரு கை உப்பு வைக்க ஆரம்பித்தாள், அவையும் தினமும் வந்தன. இப்போது அவள் பசுவுக்குக் கோமாரி. வாயெல்லாம் புண், எச்சில் நூலாக ஒழுகுகிறது. வீட்டு மாட்டின் கோமாரி காட்டுமாட்டுக்கும் பரவும் என்று கால்நடை மருத்துவர் சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

"எனக்க கையால வச்ச உப்பு, ஏட்டி. அந்தக் கன்னுக்கு ஏதாவது ஆனா நான் என்ன செய்வேன்?"

நான்கு மணிக்குப் பாறைக்குப் போனோம். பசுவை மூன்று நாளாக வீட்டிலேயே கட்டிப்போட்டிருந்தாள். மருத்துவர் சொன்னபடி சலவைச் சோடா கரைத்த வெள்ளம் ஊற்றி, தென்னைநார் வைத்துப் பாறையைத் தேய்த்தோம். பிறகு பதினெட்டுக் குடம் நல்ல வெள்ளம். ஓடையில் கோரி ஏற்றியதில் என் இடுப்பு கழன்றுவிட்டது. உப்பு போய்விட்டதா என்று ராஜம் பாறையில் நாக்கை வைத்துப் பார்க்கப் போனாள், நல்ல ஏச்சுக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை 6.20. ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகைக்குள், பாறைக்கு அறுபது எழுபது மீட்டர் தள்ளி நின்றோம். தாய் முதலில் வந்தது. அம்மாடி, என்ன உடம்பு! முதுகில் திமிலுக்குப் பதில் நீளமாக ஒரு மேடு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல. காட்டெருமை என்கிறோம், ஆனால் பசுவுக்குத்தான் நெருங்கிய சொந்தம். பின்னாலேயே செம்பழுப்பாகக் கன்று. ராஜம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கன்றின் வாயையே பார்த்தாள். நுரை இல்லை. நொண்டவும் இல்லை. பாறையை நக்கியது, மறுபடி நக்கியது, தாயின் முகத்தைப் பார்த்தது. தாய் கொட்டகைப் பக்கம் திரும்பி வெகுநேரம் நின்றது. உப்பு எங்கே என்று எங்களிடம் கேட்பதுபோலவே எனக்குத் தோன்றியது. போட்டோ எடுக்க மறந்துபோனேன்.

"நல்லா இரி, மக்கா. இங்க மட்டும் வராண்டாம்," என்று ராஜம் மெல்லச் சொன்னாள்.

போக நினைப்பவர்களுக்கு: காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். சாலையில் கண்டால் வண்டியை விட்டு இறங்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகவே போகாதீர்கள். பழம், உப்பு எதுவும் கொண்டுபோகாதீர்கள். மட்டிப்பழத்தை நாங்கள்தான் தின்று தீர்த்தோம்.

கோமாரி உடனே தெரியாது, சில நாள் கழித்தும் வரலாம் என்பதால் இருவருக்கும் நிம்மதியில்லை. மூன்று வாரம் கழித்து ராஜம் போன் செய்தாள். பசு நன்றாகத் தின்கிறதாம். மேலே புல்மேட்டில் தாயும் கன்றும் மேய்வதை வனக்காவலர் பார்த்தாராம், கன்று துள்ளி ஓடியதாம். பாறைப் பக்கம் பத்து நாளாகக் குளம்புத் தடமே இல்லையாம். நல்ல காரியம்தானே என்றேன்.

"நல்ல காரியந்தான்," என்றாள். பிறகு அழுதாள்.